பாஸ் கேட்காத கண்டக்டர்!

கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. பீரோ சாவி வீட்டு அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அப்படியும் பணம் போய்விட்டது!

திருடன் எப்படி வந்தான்?

பின்பக்கச் சுவரில் ஒரு செங்கல் ஆடிக்கொண்டிருந்தது. கட்டிய மேஸ்திரி அந்த இடத்தில் சிமெண்டு வைக்க மறந்துவிட்டார். குடியிருப்பவருக்கு அது தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது. திருடனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

செல்போனுக்குள் நடக்கும் திருட்டிலும் இப்படி ஒரு வகை உண்டு.

"ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று பாங்கிக்காரர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எண்ணைச் சொல்லாதவரும், முன்பின் தெரியாதவரிடம் பேசாதவரும்கூட மாட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும்! வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது? யார் செய்த தவறு? இதனால் வியாசர்பாடியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு என்ன?

கைமாறும் போன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்.

வியாசர்பாடியில் பல வீடுகளில் செல்போன் என்பது பரம்பரைச் சொத்து மாதிரி. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் அப்பா புதுப் போன் வாங்குவார். பழையது அம்மாவுக்கு வரும். அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பழைய போன் வாங்கி வருகிறவர்களும் உண்டு. கண்ணாடி உடைந்தால் மாற்றுவார்கள். பாட்டரி போனால் போடுவார்கள். போன் ஓடிக்கொண்டே இருக்கும்.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, பிள்ளைகளுக்குப் பாடம் அந்தப் போனில்தான் நடந்தது. காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, கரண்டு பில் கட்டுவது, சீட்டுப் பணம் அனுப்புவது எல்லாம் அதில்தான். ஒரு குடும்பத்தின் பணப்பெட்டியே அந்தப் போன்!

அந்தப் பெட்டியின் சுவரில்தான் செங்கல் ஆடுகிறது.

ஒண்டுக் குடித்தனம்

ஒண்டுக் குடித்தனம் எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரே வாசல். உள்ளே போனால் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம்.

கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் உள்ளே இருக்கும் 'மெமரி'யும் அப்படித்தான். வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு எண். ஓர் அறையில் ஓர் எண்ணைத்தான் வைக்கலாம். அதுவும் 0 முதல் 255 வரை உள்ள எண்ணாக இருக்க வேண்டும். பாட்டும், படமும், பாங்கிக் கணக்கும் இந்த எண்களாகத்தான் அங்கே குடியிருக்கின்றன. போன் பெட்டியின் மேல் '4 ஜி.பி. மெமரி' என்று போட்டிருந்தால், உள்ளே 400 கோடிக்கு மேல் அறைகள் இருக்கின்றன என்று அர்த்தம்!

எந்த அறை யாருக்கு என்று கணக்கு வைப்பது புரோகிராமின் வேலை. கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

ஒருவர் 10 மூட்டை வைக்க இடம் கேட்கிறார். இறக்குவதோ 12 மூட்டை! கடைசி இரண்டு மூட்டைகளும் பக்கத்து அறையில் போய் விழும். அங்கே இருந்த சாமான் நசுங்கும்.

இன்னொருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவருக்கு ஒரு பார்சல் வருகிறது. கொண்டுவந்த பையன் கதவு எண்ணை மட்டும் பார்க்கிறான். ஆள் மாறியதை அவன் பார்க்கவில்லை. புதிதாகக் குடிவந்தவன் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்கிறான்.

இரண்டும் மெமரிக் குழப்பம்தான். தற்செயலாக நடந்தால் போன் நின்றுவிடும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

கெட்டிக்காரத் திருடன் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்குகிறான். பக்கத்து அறையில் இருப்பது, 'அடுத்து இதைச் செய்' என்ற கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைத் தள்ளி அந்தக் கட்டளையை அழித்துவிட்டு, தன் கட்டளையை அங்கே எழுதி வைக்கிறான். இதை யார் எழுதியது என்று எந்திரம் கேட்பதில்லை. எழுதியிருப்பதைச் செய்துவிடும்.

இது புதிய வித்தை அல்ல. 1988 நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டார். அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறி நின்றன. அது தாவிய வழிகளில் ஒன்று, இந்த 'மூட்டை வழியும்' தவறுதான். கோர்ட்டு அவருக்கு 10 ஆயிரத்து 50 டாலர் அபராதம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய தந்தை அமெரிக்க அரசாங்கத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானியாக இருந்தவர்!

ஐபோனை நிறுத்திய எழுத்து

நம் பக்கத்து மொழி ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது.

2018 பிப்ரவரி மாதம். தெலுங்கில் ஒரே ஒரு எழுத்தை அனுப்பினால், அதைப் பெறுகிறவரின் ஐபோனில் அந்தப் பகுதி நின்றுபோயிற்று. செய்தி அனுப்பும் ஆப்பைத் திறக்கவே முடியவில்லை. லட்ச ரூபாய் போனை ஓர் எழுத்து படுக்கவைத்துவிட்டது!

அது 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து. 'ஜ்ஞானம்' என்ற சொல்லின் முதல் எழுத்து. அறிவைக் குறிக்கும் சொல்லில் வரும் எழுத்தைப் பார்த்து அந்த அறிவாளி எந்திரம் மயங்கி விழுந்தது.

எழுத்தைத் திரையில் வரையும் புரோகிராமில்தான் கோளாறு. அந்தக் கூட்டெழுத்தை வரையும்போது மெமரி அறைகள் குழம்பின. பிப்ரவரி 19-ந் தேதி ஆப்பிள் நிறுவனத்தார் பழுது நீக்கி அனுப்பினார்கள். தெலுங்கு எழுத்துக்களை எழுதிப் பழகியவர்கள் அந்தப் புரோகிராமை முன்பே சோதித்திருந்தால், இது வெளியே வந்திருக்காது என்று தோன்றுகிறது.

வேகம் வந்தது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இன்டர்நெட்டில் பார்க்கும் பக்கங்கள் வெறும் எழுத்தும் படமும் அல்ல. பொத்தானைத் தொட்டால் பட்டியல் விரிகிறது. வரைபடம் நகர்கிறது. இவற்றைச் செய்வது பக்கத்தோடு சேர்ந்து வரும் ஒரு புரோகிராம். அதை எழுதும் மொழிக்கு 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று பெயர். 1995-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார்.

முன்பின் தெரியாத யாரோ எழுதிய புரோகிராம், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் போனுக்குள் வந்து ஓடுகிறது! இதை நினைத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அதனால் அதை நேரே விடுவதில்லை. நடுவில் ஒரு நடத்துநர் இருக்கிறார். வந்த கட்டளையை வாங்கி, சரி பார்த்து, எந்திரத்துக்குப் புரியும் பாஷையில் மாற்றி, ஓடவிடுவது அவர் வேலை. மெமரி அறைகளுக்குச் சாவியும் அவரிடம்தான். வந்தவன் கண்ட அறைக்குள் புக முடியாது.

நடுவில் ஆள் இருந்தால் வேலை மெதுவாகத்தானே நடக்கும்? அப்படித்தான் நடந்தது.

2008 செப்டம்பர் 2-ந் தேதி கூகுள் நிறுவனத்தார் 'குரோம்' என்ற இன்டர்நெட் உலாவியை வெளியிட்டார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குரோமுக்குள் புது நடத்துநர் ஒருவர் இருந்தார். பெயர் 'வி-8'. டென்மார்க்கில் லார்ஸ் பாக் என்பவரும் அவருடைய குழுவினரும் கட்டிய எந்திரம் அது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்!

இன்று ஆண்ட்ராய்டு போன்களில் குரோமைத் திறக்காதவர்களும் வி-8 எந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பல ஆப்கள் தங்களுக்குள்ளேயே இன்டர்நெட் பக்கத்தைக் காட்டும்போது, உள்ளே ஓடுவது அதுதான்.

அந்த வேகம் எப்படி வந்தது? அதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

கண்டக்டரின் கணக்கு

காலை 7 மணி. வியாசர்பாடியில் ஒருவர் பஸ் ஏறுகிறார். கண்டக்டர் பாஸ் கேட்கிறார். காட்டுகிறார். மறுநாளும் அதே பஸ், அதே ஆள், அதே பாஸ். ஒரு மாதம் இப்படிப் போகிறது. பிறகு கண்டக்டர் கேட்பதில்லை. "இவர் பாஸ்காரர்" என்று மனதில் முடிவு செய்துவிட்டார். கூட்ட நேரத்தில் இதனால் வேலை வேகமாக நடக்கிறது.

ஒரு நாள் அதே சட்டை, அதே பை, அதே முகச்சாயலில் வேறு ஒருவன் ஏறுகிறான். கண்டக்டர் கேட்கவில்லை!

வி-8 செய்வதும் இதுவே. ஒரு கட்டளை திரும்பத் திரும்ப ஓடுவதைக் கவனிக்கிறது. 'இங்கே எப்போதும் 0 முதல் 9 வரை உள்ள எண்தான் வரும்' என்று கணக்குப் போடுகிறது. பத்து அறைக்குள்தானே போகப்போகிறான், ஒவ்வொரு தடவையும் கதவு எண்ணைச் சரிபார்ப்பது எதற்கு என்று காவலை எடுத்துவிடுகிறது. காவல் இல்லாத பாதையில் புரோகிராம் பறக்கிறது.

கணக்கு சரியாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. கணக்கில் ஒரு சின்னத் தவறு இருந்தால், காவல் இல்லாத கதவு வழியாக எவனும் எந்த அறைக்கும் போகலாம்.

2021 ஏப்ரல்

ஆண்டுதோறும் நடக்கும் ஒரு போட்டி இருக்கிறது. 'போன்-டு-ஓன்' என்று பெயர். கம்ப்யூட்டர்களில் ஓட்டை கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்கள் அதில் கலந்துகொள்வார்கள். உடைத்துக் காட்டினால் பரிசு!

2021 ஏப்ரலில் நடந்த போட்டியில் புருனோ கீத், நிக்லாஸ் பாம்ஸ்டார்க் என்ற இரண்டு பேர் வி-8 எந்திரத்தை உடைத்துக் காட்டினார்கள். குரோம் உலாவியும், அதே எந்திரம் உள்ள மைக்ரோசாப்ட் எட்ஜ் உலாவியும் வீழ்ந்தன. பரிசு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 70 லட்சம் ரூபாய்க்கு மேல்!

அவர்கள் கண்டது என்ன? சிறிய எண்ணைப் பெரிய இடத்தில் நீட்டி எழுதும்போது, வி-8 அதன் கூட்டல் கழித்தல் குறியைத் தப்பாக எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். கணக்கு நோட்டில் ஒரு பிள்ளை செய்யும் தவறு. அதனால் வி-8 போட்ட கணக்கும் உண்மையில் வந்த எண்ணும் வேறு வேறாகின. காவலோ ஏற்கனவே போய்விட்டது!

கூகுளாருக்குத் தகவல் போயிற்று. அவர்கள் தவறைத் திருத்தினார்கள். இங்கேதான் கதை திரும்புகிறது.

வி-8 எந்திரத்தின் புரோகிராம் ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருத்தமும் அங்கேதான் முதலில் எழுதப்படுகிறது. அதன்பின் அதைக் குரோமில் சேர்த்து, சோதித்து, கோடிக்கணக்கானவர்களின் கைக்கு அனுப்பச் சில நாள் ஆகும். மருந்தின் செய்முறை சுவரில் ஒட்டியாகிவிட்டது. மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை!

இந்தியாவைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர் அந்தத் திருத்தத்தைப் படித்தார். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், எந்த இடத்தில் கிழிசல் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஏப்ரல் 12-ந் தேதி, அந்தக் கிழிசலில் நுழையும் புரோகிராமை எழுதி எல்லாரும் பார்க்க வெளியிட்டார். அதை வைத்த பக்கத்தைத் திறந்தால் கம்ப்யூட்டரில் கால்குலேட்டர் தானாகத் திறந்துகொண்டது. 'உள்ளே வந்துவிட்டேன்' என்று காட்ட இந்தத் துறையில் செய்யும் வழக்கம் அது. கால்குலேட்டரைத் திறக்க முடிந்தவனால் வேறு எதையும் திறக்க முடியும்.

மறுநாள், ஏப்ரல் 13-ந் தேதி, பழுது நீக்கிய குரோம் வெளிவந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஓட்டை மட்டும் ஒருவனுக்குப் போதாது. குரோமைச் சுற்றி இன்னொரு மதில் இருக்கிறது. அதைத் தாண்ட வேறொரு ஓட்டையும் வேண்டும். கால்குலேட்டர் திறந்ததுகூட அந்த மதிலை வேண்டுமென்று அகற்றிவிட்டுச் செய்த சோதனையில்தான். பக்கத்தைத் திறந்த எல்லாருடைய பணமும் அன்று போய்விட்டது என்று யாரும் பீதி அடைய வேண்டாம்.

ஆனால் ஏப்ரல் 14-ந் தேதியே வி-8 எந்திரத்தில் இன்னொரு ஓட்டையும் அம்பலத்துக்கு வந்தது. அதை அடைத்த குரோம் 20-ந் தேதிதான் வந்தது. நடுவில், ஏப்ரல் 14, 15 தேதிகளில் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ குரோம் வழியாகப் புகுந்தார்கள். பிறகு மதிலைத் தாண்ட விண்டோசில் இருந்த வேறு ஓட்டைகளைப் பயன்படுத்தினார்கள். இரண்டாவதாக வெளிவந்த வி-8 ஓட்டைதான் அவர்களுக்கு வாசலாக இருந்திருக்க வேண்டும் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் ஜூன் மாதம் சந்தேகம் தெரிவித்தார்கள்.

ஏப்ரல் 12-ந் தேதி ஓட்டையைக் காட்டிய இந்தியரைத் திட்டத் தோன்றும். அதில் நியாயம் குறைவு. சுவரில் ஒட்டியதை அவர் படித்தார். படித்ததைச் சொன்னார். அதே சுவரைப் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிறவன்தான் ஆபத்தானவன். கூகுளாரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டு முதல் குரோமுக்கு வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புகிறார்கள். திருத்தம் எழுதுவதற்கும் அது கைக்கு வருவதற்கும் நடுவே உள்ள நாட்களைக் குறைப்பதுதான் நோக்கம்.

வந்த மருந்தை விழுங்காவிட்டால்?

மருந்து வந்தும் சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நம் மாவட்டங்களுக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த ஒரு மெமரி ஓட்டையை அடைக்க, 2017 மார்ச் 14-ந் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் திருத்தம் கொடுத்தார்கள். பலர் போடவில்லை. மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற கொள்ளைக்காரப் புரோகிராம் அதே ஓட்டை வழியாகக் கிளம்பியது. கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 150 நாடுகளில் பாதிப்பு! இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தவித்தன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை என்று செய்தி வந்தது.

அடுத்த மாதம் 27-ந் தேதி இன்னொன்று கிளம்பியது. அதுவும் அதே ஓட்டையைப் பயன்படுத்தியது. இம்முறை மும்பைக்கு அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் முனையமே நின்றுபோயிற்று. கண்டெய்னர் லாரிகள் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணூர், மணலி ரோட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லிப்ட் தந்த யோசனை

சரி, இந்த ஓட்டைகளே வராமல் செய்ய முடியாதா?

குரோமில் 2015 முதல் கண்ட 912 பெரிய ஓட்டைகளைக் கூகுளார் 2020-ம் ஆண்டில் எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு எழுபது மெமரிக் குழப்பம்! அந்தப் புரோகிராம்களை எழுதிய மொழி அப்படி. 'சி', 'சி பிளஸ் பிளஸ்' என்ற அந்த மொழிகளில், அறைக் கணக்கை எழுதுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கான வரிகளில் ஒருவர் ஓர் இடத்தில் கண் அயர்ந்தால் முடிந்தது.

கனடாவில் வான்கூவர் நகரில் கிரேடன் ஹோர் என்ற புரோகிராமர் இருந்தார். அவர் வீடு 21-வது மாடியில். 2006-ம் ஆண்டில் ஒரு நாள் வீடு திரும்பியபோது லிப்ட் ஓடவில்லை. அதன் புரோகிராம் நின்றுபோயிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் நின்ற வேதனை வடசென்னையிலும் பலருக்குத் தெரியும். மூச்சு வாங்கப் படியேறிய அந்த மனிதர், "லிப்டைக்கூட ஒழுங்காக ஓடவைக்க நம் தொழிலுக்குத் தெரியவில்லையே" என்று நொந்துகொண்டு புதிய மொழி ஒன்றை உருவாக்க ஆரம்பித்தார். அதுதான் 'ரஸ்ட்'. அறைக் கணக்கு தப்பாக இருந்தால் அந்த மொழியில் புரோகிராம் பெரும்பாலும் ஓடவே ஆரம்பிக்காது. முதலிலேயே "திருத்திக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கினார்கள். 2019-ல் அதன் ஓட்டைகளில் நூற்றுக்கு 76 மெமரிக் குழப்பமாக இருந்தது. 2024-ல் அது 24 ஆகக் குறைந்தது.

வி-8 விஷயம் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கிறது. கண்டக்டரின் கணக்கே தப்பு என்றால், கண்டக்டர் எந்த மொழி பேசினால் என்ன? அதனால் 2024-ம் ஆண்டில் வி-8 எந்திரத்துக்கு உள்ளேயே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே குழப்பம் நடந்தாலும் வெளி அறைகளுக்குப் பரவாமல் இருக்க இந்த ஏற்பாடு.

'இடம் இல்லை'

இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டு அனுப்பும் திருத்தம் வியாசர்பாடிப் போனுக்கு வந்து சேருகிறதா?

டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்து 'அப்டேட்' வராமல் நிறுத்திவைத்திருக்கும் வீடுகள் உண்டு. காலை வணக்கப் படங்கள் நிறைந்துபோய், 'இடம் இல்லை' என்று திருத்தத்தைத் திருப்பி அனுப்பும் போன்களும் உண்டு! மத்திய அரசின் 'செர்ட்-இன்' என்ற அமைப்பு 2004 முதல் இருக்கிறது. குரோமில் பெரிய ஓட்டை தெரிந்தால் எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், படித்தவர்களுக்கே தலை சுற்றும் நடையில் வருகின்றன.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். படங்களை அழிக்கலாம். டேட்டா போடலாம். ஆனால் திருத்தமே வராத போனை என்ன செய்வது?

2025 ஆகஸ்டில் குரோமின் 139-வது பதிப்பு வெளிவந்தது. அது ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் உள்ள போனில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களுக்கு 138-வது பதிப்போடு சரி. 2018-ல் கடையில் புத்தம் புதிதாக விற்ற போன்களில் பல அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. போன் கெட்டுப்போகவில்லை. திரை ஒளிர்கிறது. பேச்சு கேட்கிறது. குரோமும் பழையபடி திறக்கிறது. புதிதாகத் தெரியவரும் ஓட்டை மட்டும் அடைபடுவதில்லை. அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த போன் இதுதான்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. ஒரு ரகப் போனின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதற்குத் திருத்தம் கொடுத்தாக வேண்டும். இங்கே போன் பெட்டியின் மேல் விலை அச்சிட்டிருக்கிறது. தயாரித்த மாதம் அச்சிட்டிருக்கிறது. எந்த ஆண்டு வரை திருத்தம் வரும் என்பதையும் ஒரு வரி அச்சிடச் சொன்னால் கம்பெனிகளுக்கு மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

வீட்டில் உள்ள போனைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'அபவுட் போன்' என்ற இடத்துக்குப் போனால் ஆண்ட்ராய்டு எண் தெரியும். 10 அல்லது அதற்கு மேல் என்றால், பிளே ஸ்டோருக்குப் போய் குரோமுக்கு 'அப்டேட்' இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். 9 அல்லது அதற்குக் கீழே என்றால், பாங்கிக் கணக்கை அந்தப் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாட்டுக் கேட்கவும், ஊரில் இருக்கும் பாட்டியிடம் பேசவும் அந்தப் போன் இன்னும் பல நாள் உழைக்கும்.